தமிழைப் பக்கத்துல வச்சு இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க: கிராமர் எடுக்குற டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள்லயும் கோச்சிங் சென்டர்கள்லயும் இங்கிலீஷ் கிராமர் எடுக்குற டீச்சர்களுக்கும் சார்களுக்கும் வணக்கம்.

நான் உங்கள மாதிரி பி.எட் படிச்சவ இல்ல. டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர்ல சாயந்திரம் ஆறு மணிக்கு மேல எங்க வீட்டுத் திண்ணையில பத்துப் பன்னெண்டு பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன், அதுல பாதிப் பேரு பத்தாவது, ரெண்டு மூணு பேரு காலேஜ் முடிச்சுட்டு எஸ்எஸ்சி, பேங்க் எக்ஸாம்னு எழுதிக்கிட்டிருக்கிற பசங்க. ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே இடத்துலதான் அடி விழுது. வாக்கியத்துல தப்பைக் கண்டுபிடின்னு, ஸ்பாட்டிங் எர்ரர்னு ஒரு கேள்வி வரும்ல, அங்க. பத்தாவது பரீட்சையில அஞ்சு வாக்கியம் குடுத்து திருத்தி எழுதச் சொல்லுவாங்க, மத்திய அரசு வேலைக்கு எஸ்எஸ்சி நடத்துற சிஜிஎல் பரீட்சையோட முதல் கட்டத்துல இங்கிலீஷுக்கு 25 கேள்வி 50 மார்க், தப்பா அடிச்சா அரை மார்க் போயிடும், பல பேங்க் பிரிலிம்ஸ்ல இங்கிலீஷ்ல 30 கேள்விக்கு 20 நிமிஷம். இந்தப் பிள்ளைங்க அதுல படுற பாட்டை தினமும் பக்கத்துல உக்காந்து பாக்குறதுனாலதான் இதை எழுதுறேன்.

போன மாசம் ஒரு பத்தாவது பொண்ணு நோட்டைத் தூக்கிட்டு வந்துச்சு. 'ஹி டிட் நாட் வென்ட்'னு எழுதியிருந்துச்சாம், சிவப்பு மையில சுழிச்சு, 'ஹி டிட் நாட் கோ'னு ஐம்பது தடவை இம்போசிஷன். ஐம்பதும் எழுதி முடிச்சாச்சு, கையெழுத்து முத்து முத்தா இருக்கு. சரின்னு 'அவள் சாப்பிடவில்லை'ங்கிறதை இங்கிலீஷ்ல எழுதுன்னேன். 'ஷி டிட் நாட் ஏட்'னு எழுதுச்சு. ஐம்பது தடவை எழுதினது கோங்கிற ஒரு வார்த்தைக்கு மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கு, ஈட்டுக்கு வரல, ஏன்னா ஏன் தப்புன்னு அந்தப் பொண்ணுக்கு யாருமே சொல்லல.

நான் சிலேட்டை எடுத்தேன். 'போகவில்லை'யைப் பிரிச்சு எழுதுன்னேன். பிரித்து எழுதுகதான் தமிழ் பரீட்சைக்கு தினமும் செய்யுதே, பட்டுனு போக, இல்லைன்னு எழுதிடுச்சு. இந்த 'போக'ல நேத்தா இன்னைக்கான்னு எதாவது இருக்கான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, இல்ல, சும்மா போகன்னு மட்டும்தான் இருக்குன்னுச்சு. யாராவது 'போனான் இல்லை'ன்னு சொல்லுவாங்களா? சிரிச்சிடுச்சு. அதேதான்மா, இல்லைன்னு வந்துட்டா தமிழ்லயே வினை வெறும் 'போக'வா நின்னுடுது, இங்கிலீஷ்லயும் டிட் நாட் வந்தா பின்னாடி வெறும் கோ, வெறும் ஈட், நடந்து முடிஞ்ச விஷயம்னு சொல்ற வேலையை டிட் எடுத்துக்கிச்சுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் பத்து வினை குடுத்தேன், பத்தும் சரி. மொத்தமா அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும்.

கேள்வியில மட்டும் திரும்ப மாட்டிக்கிச்சு, 'போனானா?'ன்னு தமிழ்ல கேக்குறப்ப போனான் அப்படியே நிக்குதுல்ல, அதனால 'டிட் ஹி வென்ட்?'னு எழுதிடுச்சு. இங்க தமிழ் உதவாது, இங்க டிட் முன்னாடி வந்து நிக்குதே அதைப் பாருன்னு சொல்லணும். இப்படி எங்க தமிழ் கை குடுக்கும், எங்க காலை வாரும்னு பிரிச்சுச் சொல்லிட்டாலே பாதிக் கிணறு தாண்டிடலாம்.

இதுதான் உங்ககிட்ட நான் கேக்க வந்தது. இங்கிலீஷ் பீரியட்ல தமிழ் பேசினா ஃபைன்னு வைக்காதீங்க, 'தமிழ்ல யோசிக்காதே'ன்னு சொல்லாதீங்க. பதினஞ்சு வருஷமா தமிழ்லயே வாழ்ந்த பிள்ளை வேற எதுல யோசிக்கும்? அதுங்க மண்டையில ஒரு முழு இலக்கணம் ஏற்கெனவே உக்காந்திருக்கு. அதை வெளிய நிறுத்திட்டு, நாப்பது ரூலை மனப்பாடம் பண்ணுங்கிறது என்ன நியாயம்?

நானும் ஒரு காலத்துல கோச்சிங் போனவதான். 'அலாங் வித், டுகெதர் வித், ஆஸ் வெல் ஆஸ் வந்தா முதல் சப்ஜெக்ட்டைப் பாத்து வெர்ப் போடு, ஆண்ட் வந்தா புளூரல் போடு, எழுதிக்கோங்க'ன்னு ஒரு சார் சொன்னார், எழுதிக்கிட்டோம். ஏன்னு கேட்டதுக்கு ரூல்மான்னார். ரெண்டு வருஷம் கழிச்சு ஒருநாள் எங்கம்மா யார்கிட்டயோ, 'அண்ணன் ஃப்ரெண்ட்ஸோட வந்தான், சாப்பாடு போட்டேன்'னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. வந்தான். ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேரு வந்திருந்தாலும் வந்தான்தான். அதையே 'அண்ணனும் ஃப்ரெண்ட்ஸும் வந்தாங்க'ன்னு சொன்னா வந்தாங்க. 'ஓட' வந்தா ஒருமை, 'உம், உம்' வந்தா பன்மை. அந்த ரூலை நான் மூணு வயசுலருந்து பேசிக்கிட்டு இருந்திருக்கேன், அதைத்தான் புதுசுன்னு நினைச்சு நோட்டுல எழுதி மறந்து மறந்து படிச்சிருக்கேன். அன்னைக்கு எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் ஆர் கமிங்'னு எழுதுற பிள்ளைகிட்டயும் இப்படித்தான் போகணும். நம்ம வாயில 'என் ஃப்ரெண்ட் ஒருத்தன்'னு வரும், அதுல ஃப்ரெண்ட் ஒருமையா இருக்கு, அதான் இங்கிலீஷ்லயும் எஸ் விட்டுப்போகுது. 'என் ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தன் வர்றான்'னு மாத்திச் சொல்லச் சொல்லுங்க, ஃப்ரெண்ட்ஸ் பன்மை, வர்றான் ஒருமை, ரெண்டு தப்பும் ஒரே நேரத்துல சரியாயிடும். 'தோ'வும் 'பட்'டும் சேர்த்து எழுதுற தப்பு இருக்குல்ல, 'தோ இட் ரெயின்ட், பட் ஐ வென்ட்'னு, அதுக்கு 'மழை பெஞ்சாலும் ஆனா நான் போனேன்'னு ஒரு தடவை சத்தமா சொல்லச் சொன்னா போதும், காதே சொல்லிடும் ஒண்ணு அதிகப்படின்னு. பிகாஸும் ஸோவும் சேர்றதும் அதே கதைதான்.

'இஃப் இட் வில் ரெயின் டுமாரோ'ன்னு ஸ்பாட்டிங் எர்ரர்ல அடிக்கடி வரும். 'நாளைக்கு மழை பெஞ்சா மேட்ச் நடக்காது'ன்னுதான் நாம சொல்றோம், நாளைக்கு நடக்கப்போறது, ஆனா அந்த 'பெஞ்சா'வுல எதிர்காலம் காட்டுற எழுத்தே கிடையாது, நல்லாப் பாத்தா பெய்தங்கிற இறந்தகாலத்து உருவத்து மேலதான் 'ஆல்' ஏறி உக்காந்திருக்கு. எதிர்காலம் முழுக்க 'மேட்ச் நடக்காது'ங்கிற பின்பாதியில இருக்கு. இங்கிலீஷ்லயும் வில் பின்பாதிக்குத்தான், இஃப் பக்கம் சும்மா ரெயின்ஸ். இதைச் சொல்லிக் குடுத்தப்ப ஒரு பையன் அப்படியே நிமிந்து உக்காந்தான்.

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் வான்ட்டிங்'னு எழுதுறதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன், நான் கண்டுபிடிச்சதுன்னு சொல்ல மாட்டேன், பிள்ளைங்களோட பேசிப் பேசி கிடைச்சது. இங்கிலீஷ்ல ஐ வந்து, தமிழ்ல நான் வராம எனக்குன்னு வந்தா நின்னு யோசி. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்கு ஞாபகம் இருக்கு, எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க. இந்த மாதிரி இடத்துல பெரும்பாலும் இங் சேராது. எனக்குப் பசிக்குது மாதிரி சிலது இதுக்குள்ள அடங்காது, அங்க ஐ ஆம் ஃபீலிங் ஹங்ரின்னு தாராளமா சொல்லலாம், அதையும் சொல்லித்தான் குடுக்குறேன்.

ஆர்ட்டிகிளுக்கு வர்றேன், ஏன்னா நம்ம பிள்ளைங்க அதிகமா மார்க் விடுறது இங்கதான், தமிழ்ல ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால மனப்பாடம்தான் வழின்னு கைய விரிச்சிடுறோம். 'தி'ங்கிற சொல் கிடையாதுங்கிறது உண்மை. ஆனா தி செய்யுற வேலைல ஒரு பங்கை நம்ம இரண்டாம் வேற்றுமை செய்யுது. 'டீ குடிச்சியா?'ன்னு அம்மா கேட்டா ஏதோ ஒரு டீ, எங்கயாவது குடிச்சியான்னு அர்த்தம். 'டீயைக் குடிச்சியா?'ன்னு கேட்டா அடுப்படி மேடையில மூடி வச்சிருந்த அந்த டீ, ஆறிப்போகுதேன்னு கவலைப்பட்டுக் கேக்குற டீ. 'புக் வாங்கினேன்'னா எதோ ஒரு புக், கேக்குறவங்களுக்கு எதுன்னு தெரியாது, ஐ பாட் அ புக். 'புக்கை வாங்கினேன்'னா நீ சொன்ன அந்த புக், ஐ பாட் தி புக். அந்த ஒத்தை 'ஐ' உருபு, ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பொருளைத்தான் பேசுறோம்னு சொல்லிடுது. இது செயப்படுபொருளா வர்ற இடத்துக்கு, அதுவும் உயிரில்லாத பொருளுக்குத்தான் இவ்வளவு சுத்தமா ஒத்துவரும், ஆளுங்களைச் சொல்றப்ப யாருன்னு தெரியாட்டியும் ஐ வந்துடும், எழுவாய்க்கோ இது உதவாது. ஆனாலும் 'தெரிஞ்சதா தெரியாததா'ங்கிற கேள்வியே புரியாம தி போட்டுக்கிட்டிருந்த பிள்ளைக்கு, இதை நீ வீட்டுல தினமும் செஞ்சுக்கிட்டுதான் இருக்கேன்னு காட்டுறது எவ்வளவு பெரிய தைரியம் தெரியுமா?

அ, ஆன் இன்னும் சுலபம். ஓர் ஊர், ஒரு வீடு. ஓர் ஆண்டு, ஒரு நாள். உயிரெழுத்துச் சத்தம் வந்தா ஓர், மெய் வந்தா ஒரு, தமிழ் டீச்சர் சொல்லிக் குடுத்தாச்சு, டிஎன்பிஎஸ்சி பொதுத்தமிழுக்குப் படிக்கிறவங்களுக்கும் அத்துப்படி. ஆன்னா நம்ம ஓர், அன்னா நம்ம ஒரு, அவ்வளவுதான். குழப்பம் எங்க வருதுன்னா பிள்ளைங்க இங்கிலீஷ் எழுத்தைப் பாத்து முடிவு பண்ணுதுங்க. அதுக்கு நான் செய்யிறது, அந்த வார்த்தையைத் தமிழ்ல எழுதுங்கிறேன். யுனிவர்சிட்டி, முதல் எழுத்து யு, அதுல யகர மெய் இருக்கு, அதனால அ. யூரோப்பியன், அதேதான். மணியைச் சொல்ற அவர், தமிழ்ல எழுதினா அ-வுல ஆரம்பிக்குது, அதனால ஆன். ஆனஸ்ட், ஆன். எம்எல்ஏ, எஃப்ஐஆர் எல்லாம் எ, அதனால ஆன். ஒரே ஒரு இடத்துல மட்டும் எச்சரிக்கை பண்ணணும், 'ஒன்'ங்கிற இங்கிலீஷ் சொல்லை நாம ஒகரம் போட்டு எழுதுறோம், ஆனா சத்தம் 'வன்', அதனால அ ஒன் ருப்பி காயின். அதுகூட நம்ம ஊர்ல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறப்ப வாய்ல லேசா வ வந்து ஒட்டிக்குதே, அதைக் கவனிக்கச் சொன்னா புரிஞ்சிடும்.

தமிழ் காலை வார்ற இடங்களையும் மறைக்கக் கூடாது. வேற்றுமை உருபுதான் அதுல பெரிய வில்லங்கம். என் மேல கோவம்னு சொல்றோம், அதனால ஆங்ரி ஆன் மி. ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம், அதனால ரீச்ட் டு. ரூமுக்குள்ள நுழைஞ்சான், அதனால என்டர்ட் இன்டு தி ரூம். அதைப் பத்திப் பேசினோம், அதனால டிஸ்கஸ்ட் அபௌட். அவனோட கல்யாணம், அதனால மேரீட் வித். என்னை விட சீனியர், அதனால சீனியர் தேன், காப்பியை விட டீ பிடிக்கும், அதனால ப்ரிஃபர் டீ தேன் காஃபி. பாருங்க, ஒவ்வொரு தப்புக்கும் பின்னாடி சரியான ஒரு தமிழ் வாக்கியம் நிக்குது. பிள்ளை கவனக்குறைவா எழுதல, தனக்குத் தெரிஞ்ச ஒழுங்கோடதான் எழுதியிருக்கு. 'மேல'ன்னு தோணுதா, அங்க வித் போடு, ஏன்னா இங்கிலீஷ்காரங்க கோவத்தை அப்படிப் பாக்குறதில்லன்னு சொன்னா கேட்டுக்கும். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீன்லருந்து வந்தவங்க, அந்த ஊர்ல ஏற்கெனவே ஒப்பிட்டு வச்ச சொல்லுங்க, அதனாலதான் தேன் சேராம டு சேருதுன்னு ஒரு வரி சேர்த்துச் சொன்னா இன்னும் நல்லா நிக்கும். எவ்ரிபடியும் அப்படித்தான், எல்லாரும் வந்தாங்கன்னு நம்ம வாய் பன்மை பேசிடும், அதை 'ஒவ்வொரு ஆளும்'னு நினைச்சுக்கோன்னு சொல்லணும். 'டெல் மி வேர் இஸ் ஹி கோயிங்'கும் இதே வகைதான், தமிழ்ல 'அவன் எங்க போறான்?'னு கேட்டாலும் 'அவன் எங்க போறான்னு சொல்லு'ன்னாலும் நடுவுல ஒண்ணும் மாறாது, ஒரு ன்னு மட்டும் ஒட்டிக்கும், இங்கிலீஷ்லதான் கேள்வி உள்ள போனதும் இஸ் பழைய இடத்துக்குத் திரும்பிடணும், வேர் ஹி இஸ் கோயிங்.

இப்ப நான் ரொம்ப நாளா சொல்லணும்னு வச்சிருந்த விஷயம். பத்தாம் வகுப்பு தமிழ்ப் புத்தகத்துல வழு, வழாநிலை, வழுவமைதின்னு ஒரு பாடம் இருக்கு, உங்களுக்குத் தெரியும். வழுன்னா இலக்கணத் தப்பு, வழாநிலைன்னா தப்பில்லாம வர்றது. திணை வழு, பால் வழு, இட வழு, கால வழு, வினா வழு, விடை வழு, மரபு வழு, மொத்தம் ஏழு. 13ஆம் நூற்றாண்டு நன்னூல்லயே இந்த ஏழையும் வரிசைப்படுத்தி வச்சாச்சு, அதுக்கும் முன்னாடி தொல்காப்பியம் இதைப் பேசுது. அதாவது வாக்கியத்துல தப்பைக் கண்டுபிடிக்கிறது எப்படிங்கிற பாடம் நம்மகிட்ட எத்தனையோ நூறு வருஷமா இருக்கு. காலையில தமிழ் பீரியட்ல 'நேற்று வருவான்' தப்பு, கால வழுன்னு படிக்கிற அதே பிள்ளை, மதியம் இங்கிலீஷ் பீரியட்ல 'ஹி வில் கம் எஸ்டர்டே' ஏன் தப்புன்னு வேற கிரகத்துப் பாடம் மாதிரி உக்காந்திருக்கு. தேர்ட் பெர்சன் சிங்குலர்னு சொன்னா முழிக்குது, படர்க்கை ஒருமைன்னு சொன்னா அவன், அவள், அதுன்னு உடனே சொல்லுது, அந்த மூணுக்கும்தான் எஸ் சேருதுன்னு அதுக்கப்புறம் யாரும் சொல்ல வேண்டியதே இல்ல. தென்னந்தோட்டம்னு சொல்லாதே, தென்னந்தோப்புன்னு சொல்லுங்கிறது மரபு. மேக் ஹோம்வொர்க் இல்ல, டூ ஹோம்வொர்க்குங்கிறதும் மரபுதான், காரணம் கேட்டா ரெண்டுலயும் அப்படித்தான் சொல்லுவாங்கங்கிறதுதான் பதில், பிள்ளைங்க அதை ஏத்துக்கும்.

எனக்கு அந்தப் பாடத்துல ரொம்பப் பிடிச்சது வழுவமைதி. இலக்கணப்படி தப்புதான், ஆனா காரணம் இருக்கு, அதனால ஏத்துக்குறோம். பசுவைப் பாத்து ஆசையில 'என் அம்மை வந்தாள்'னு சொன்னா திணை மாறியிருக்கு, ஆனா அது குத்தம் இல்ல. 'குடியரசுத் தலைவர் நாளை தமிழகம் வருகிறார்', நாளைன்னு இருக்கு, வருவார்னு வரணும், இருந்தாலும் வருகிறார் சரி, கால வழுவமைதி. இங்கிலீஷ்லயும் 'தி பிரசிடென்ட் இஸ் கமிங் டுமாரோ' சரிதானே? போன வருஷம் என்கிட்ட படிச்ச ஒரு பையன் இதே மாதிரி வாக்கியத்தை ஒரு மாக் டெஸ்ட்ல தப்புன்னு அடிச்சுட்டு வந்தான், டுமாரோன்னா வில் வரணும்னு ரூல் படிச்சிருந்தான். வருகிறார் வாக்கியத்தை ஞாபகப்படுத்தினேன், அதை மனப்பாடமா வச்சிருந்தான், ஆனா ரெண்டையும் இதுவரைக்கும் பக்கத்துல வச்சுப் பாத்ததே இல்லன்னான்.

அதனால இன்னொண்ணும் கேக்குறேன், திருத்துறப்ப எது வழு, எது வழுவமைதின்னு நீங்களும் பாருங்க. 'எவ்ரிஒன் ஹேஸ் ஹிஸ் புக்' மட்டும்தான் சரி, 'தேர்' போட்டா தப்புன்னு அடிக்கிறவங்க இன்னும் இருக்காங்க, அந்த ஒருமை தே, தேர் இங்கிலீஷ்ல பல நூறு வருஷமா புழங்குறது. 'நன்' வந்தா இஸ்ஸும் வரும், ஆரும் வரும். தேதியை முன்னாடி கொண்டு வர்றதைச் சொல்ற ப்ரிப்போனை இந்தியாவுல பிறந்த சொல்லுன்னு கேவலமாப் பேசுவாங்க, ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலேயே அது ஏறியாச்சு. பிரிப்போசிஷன்ல வாக்கியம் முடியக் கூடாதுங்கிறதும் அப்படித்தான், இங்கிலீஷ்ல நல்லா எழுதுறவங்க எல்லாரும் முடிக்கிறாங்க. பரீட்சையில பழைய விடைதான் எதிர்பார்ப்பாங்கன்னா அதைச் சொல்லிடுங்க, பரீட்சைக்கு இதை எழுது, வெளிய ரெண்டும் சரின்னு. அந்த வித்தியாசம் தெரியாம நல்ல வாக்கியம் எழுதின பிள்ளை தனக்கு இங்கிலீஷே வராதுன்னு முடிவு பண்ணிட்டு ஒதுங்கிப் போறதை நான் பாத்திருக்கேன்.

உங்க கஷ்டம் தெரியாம எழுதல. நாப்பது அம்பது பிள்ளைங்க, முடிக்க வேண்டிய போர்ஷன், நடுவுல ஆயிரம் வேலை. நான் பத்துப் பேரை வச்சுக்கிட்டு சிலேட்டுல எழுதிக் காட்டுறதும் நீங்க செய்யிறதும் ஒண்ணு இல்ல. ஆனா நான் கேக்குறதுக்குக் கூடுதல் பீரியட் வேண்டாம். தப்பு வாக்கியத்தை போர்டுல எழுதுறப்ப, இடது பக்கம் அதோட தமிழை எழுதுங்க, பிள்ளைங்களையே சொல்லச் சொல்லுங்க, நம்ம பேச்சுத் தமிழ்ல, அவங்க வீட்டுல பேசுற மாதிரி. எந்தச் சொல் எங்க ஒத்துப்போகுது, எங்க முட்டுதுன்னு ஒரு கோடு போடுங்க. பக்கத்து ஸ்டாஃப் ரூம்லதான் தமிழ் டீச்சர் இருப்பாங்க, வழு பாடம் எந்த வாரம் எடுக்குறீங்கன்னு ஒரு தடவை கேட்டு, அதே வாரம் உங்க ஸ்பாட்டிங் எர்ரரையும் எடுங்க. ஐம்பது தடவை எழுதச் சொல்றதை மட்டும் நிறுத்திடுங்க, அதுக்குப் பதிலா ஏன் தப்புன்னு ஒரே ஒரு வரி, தமிழ்லயாவது எழுதிட்டு வரச் சொல்லுங்க.

அந்தப் பத்தாவது பொண்ணு இப்ப புதுசா ஒரு பழக்கம் பிடிச்சிருக்கு. எந்த வாக்கியம் குடுத்தாலும் முதல்ல வாய்க்குள்ளயே தமிழ்ல சொல்லிப் பாத்துட்டு, 'அக்கா, இது தமிழ் உதவுற இடமா, உதவாத இடமா?'ன்னு கேக்குது. நேத்து 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே'க்கு அதையே கேட்டுச்சு. 'நேத்து பாத்திருக்கேன்'னு நாம சொல்றோமே, அப்ப இது ஏன் தப்புன்னு. நல்ல கேள்வி, உதவாத இடம்மா, நேத்துன்னு நாள் சொல்லிட்டா இங்கிலீஷ்ல ஹேவ் நிக்காது, சா மட்டும் போதும்னு சொன்னேன். அதை ஒரு தனி நோட்டுல எழுதி வச்சிருக்கு, ஒரு பக்கம் உதவுறது, மறுபக்கம் உதவாதது. அடுத்த வாரம் உங்கள்ல யாராவது ஒருத்தரோட கிளாஸ்ல அந்தப் பொண்ணு அந்த நோட்டை எடுத்துட்டு வந்து நீட்டினா, அது என்ன தமிழ்ல கிறுக்கி வச்சிருக்கேன்னு கேக்காம, தயவுசெஞ்சு ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க.

இப்படிக்கு,
திண்ணையில டியூஷன் எடுக்குற உங்க சகோதரி